வீட்டில் ஒரு பெரிய ஆர்கேட் துப்பாக்கி விளையாட்டு: தேர்ந்தெடுப்பது முதல் பராமரிப்பது வரை

அமெரிக்காவில் ஒரு பவுலிங் கூடமோ திரையரங்கமோ காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் நிற்கும் தன் ஆர்கேட் பகுதியை மூடும்போது, அங்கிருந்த இயந்திரங்களில் சில யாரோ ஒருவருடைய வீட்டு அடித்தளத்துக்கோ கார் கொட்டகைக்கோ போய்ச் சேர்கின்றன. அப்படி ஆசையோடு வாங்கப்பட்டுப் பிறகு மூலையில் இருண்டு கிடப்பவற்றில் துப்பாக்கி விளையாட்டுகளுக்கு முதலிடம் கொடுக்கலாம். ஜாய்ஸ்டிக்கோ பொத்தானோ உடைந்தால் மாற்று எளிதில் கிடைத்துவிடும்; துப்பாக்கி அப்படியல்ல. பல இயந்திரங்களில் அது திரையோடும் மின்சுற்றுப் பலகையோடும் சேர்ந்துதான் வேலை செய்யும், ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகக்கூடும். ஆகவே வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த விளையாட்டு என்பதை அல்ல. அந்தத் துப்பாக்கி எங்கே குறி பார்க்கிறது என்பதை இயந்திரம் எப்படி அறிகிறது என்பதைத்தான். செலவு, அறை, உதிரிபாகம், ஆயுள் ஆகிய அனைத்தும் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

முதல் படி: துப்பாக்கியின் வகையை அறிந்துகொள்ளுங்கள்

ஆர்கேட் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் மூன்று வகைகளில் அடக்கிவிடலாம்.

முதலாவது, ஒளியை உணரும் துப்பாக்கி. 1936-இல் சீபர்க் நிறுவனம் வெளியிட்ட ரே-ஓ-லைட் என்ற இயந்திரத்தில் துப்பாக்கி ஒளியைப் பாய்ச்சியது, இலக்கில் இருந்த உணரி அதை வாங்கிக்கொண்டது. பழைய தொலைக்காட்சிகளில் இருந்த வகைப் படக்குழாய்த் திரைகள் வந்த பிறகு இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. இப்போது ஒளி வருவது திரையிலிருந்து, அதை வாங்குவது துப்பாக்கி. படக்குழாயில் படம் ஒரே சமயத்தில் தோன்றுவதில்லை. ஓர் எலக்ட்ரான் கற்றை மேலே இடது மூலையில் தொடங்கி, வரிவரியாக நகர்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை முழுத் திரையையும் வரைகிறது. சாதாரணத் தெளிவுள்ள ஆர்கேட் திரையில் ஒரு வரியை வரைய ஏறத்தாழ 63 மைக்ரோ நொடி ஆகும். விசையை அழுத்தியதும் பல விளையாட்டுகள் திரையை ஒரு கணம் வெளுக்கச் செய்வதை நீங்கள் கவனித்திருக்கலாம்; அந்தக் கணத்தில், துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரியின் முன்னால் கற்றை கடந்து போகும் நேரத்தைப் பலகை குறித்துக்கொண்டு, அது எந்த வரி, வரியில் எந்த இடம் என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு படக்குழாய் இருந்தால் மட்டுமே சரியாக வரும். எல்சிடி திரையில் அப்படி ஓடிச் செல்லும் ஒளிப்புள்ளியே கிடையாது. எனவே இவ்வகை இயந்திரத்தின் படக்குழாய் போய்விட்டால், அதன் இடத்தில் ஒரு புதிய தொலைக்காட்சியை வைத்து விளையாடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இரண்டாவது, கேபினெட்டின் (இயந்திரத்தின் வெளிப்பெட்டி) மேடையில் பொருத்தப்பட்டு, இடம்வலமாகவும் மேலும் கீழுமாகவும் அசையும் துப்பாக்கி. மிட்வே நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்ப்பதற்குத் துப்பாக்கியாக இருந்தாலும் உள்ளே அது ஒரு பெரிய ஜாய்ஸ்டிக்தான். இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் அதன் கோணத்தை அளந்து பலகைக்குச் சொல்கின்றன, திரையில் ஒரு குறி நகர்கிறது, அவ்வளவுதான். திரை எந்த வகையாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. உண்மையான குறிபார்ப்பின் சுகம் இதில் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள இதைவிடத் தொல்லை குறைந்த வகை கிடையாது.

மூன்றாவது, அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு இடம் அறியும் துப்பாக்கி. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் அகச்சிவப்பு எல்இடிகள் பொருத்தப்பட்டிருக்கும்; துப்பாக்கியின் முனையில் உள்ள உணரி அவற்றைப் பார்த்துத் தான் எங்கே நோக்கியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளும். சேகாவின் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட் 4’ போன்ற, 2000-க்குப் பிந்தைய பெரிய கேபினெட்டுகளும், இப்போது புதிதாக வரும் இயந்திரங்களும் பெரும்பாலும் இம்முறையையோ இதன் வேறு வடிவங்களையோ பின்பற்றுபவை. திரையில் வரும் படத்துக்கும் குறிபார்ப்புக்கும் தொடர்பு இல்லாததால், பழைய பின்புற ஒளிவீச்சுத் திரையைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள எல்சிடி திரையைப் பொருத்துவதும் இதில் இயலும்.

இரண்டாம் படி: விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டே இரண்டு நண்பர்கள் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கப் போதுமான விளையாட்டு, ஆண்டுக்கணக்கில் வீட்டில் நிற்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆர்கேட் விளையாட்டுகள் சில நிமிடங்களுக்குள் காசைப் பறிப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. காசு போடாமல் ஆடும் இலவச முறையில், எண்ணற்ற உயிர்களோடு ஆடினால் பல விளையாட்டுகளின் முழுக் கதையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அது உங்களை இழுக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்கோவின் ‘டைம் கிரைசிஸ்’ வரிசை இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறது என்பது என் கருத்து. காலடியில் ஒரு மிதி இருக்கும். அதை அழுத்தினால் பாத்திரம் மறைவிடத்திலிருந்து எழுந்து சுடும், விட்டால் பதுங்கித் தோட்டாக்களை நிரப்பிக்கொள்ளும். நேரம் ஓடிக்கொண்டே இருப்பதால் பதுங்கியும் இருக்க முடியாது. எப்போது எழ வேண்டும் என்பதை மனப்பாடமாகக் கற்க வேண்டியிருப்பதால், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஆடினாலும் சலிப்பதில்லை. ஆனால் ‘டைம் கிரைசிஸ் 2’ என்பது இரண்டு திரைகளும் இரண்டு பலகைகளும் கொண்ட இரட்டைக் கேபினெட். அதைப் பார்த்து மயங்குபவர், பழுதுபார்க்க வேண்டியவையும் இரட்டிப்பு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதன் சிஸ்டம் 23 பலகைகள் பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

சேகாவின் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ முதல் பாகம் 1997-இல் மாடல் 2 பலகையில் வந்தது. அது 24 கிலோஹெர்ட்ஸ் எனப்படும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 24,000 வரிகளை வரையும், நடுத்தரத் தெளிவுத் திரையைக் கேட்கும். சாதாரண ஆர்கேட் திரையும் கணினித் திரையும் நேரடியாக அதற்கு உதவா. இரண்டாம் பாகமோ 1998-இல் நவோமி பலகையில் வந்தது, அது 31 கிலோஹெர்ட்ஸ் திரையில் ஓடுவது. நவோமி பலகைகள் ஏராளமாக விற்கப்பட்டவை, உறுதியானவை, இன்றும் கிடைப்பவை. இரண்டுக்கும் விலை ஏறத்தாழ ஒன்றாக இருக்குமானால் இரண்டாம் பாகத்தையே வாங்கச் சொல்வேன். 2005-இல் வந்த நான்காம் பாகத்தின் லிண்ட்பெர்க் பலகை, உள்ளுக்குள் ஒரு பென்டியம் 4 கணினி. அதன் வன்தட்டும், பாதுகாப்புச் சாவி எனப்படும் டாங்கிளும் இயந்திரத்தோடு வருகின்றனவா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. சாவி இல்லாத லிண்ட்பெர்க் வெறும் பெட்டிதான்.

குடும்பமாக ஆட வேண்டும், மனிதர்களைச் சுடும் காட்சிகள் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு 2000-இல் தொடங்கிய ‘பிக் பக் ஹன்டர்’ வேட்டை விளையாட்டு பொருந்தும். அமெரிக்க மதுக்கூடங்களில் இது வேரூன்றியதற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றும் சுருக்கமாக முடிந்து, அடுத்தவரிடம் துப்பாக்கியைக் கொடுக்க வைப்பதுதான். இதை உருவாக்கிய பிளே மெக்கானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் பெட்ரோ, மேலே சொன்ன டெர்மினேட்டர் 2 விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. சிறு குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் கேபினெட்டில் ஒட்டியுள்ள வில்லையையும் பாருங்கள்: அமெரிக்க ஆர்கேட் துறையினர் 1990-களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிற எச்சரிக்கை வில்லைகளைக் கொண்டுவந்தனர்; கடுமையான வன்முறை இருந்தால் சிவப்பு. ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ போன்ற சிலவற்றில் இரத்தத்தின் நிறத்தையே மாற்றும் வசதி, இயந்திரத்தின் அமைப்புகளை மாற்றும் சோதனைப் பட்டியலில் உண்டு.

மூன்றாம் படி: வீட்டை அளந்து பாருங்கள்

வாசலை அளப்பவர்கள் பலர், வழியை அளப்பவர்கள் சிலர். அமெரிக்க வீட்டின் முன்வாசல் பொதுவாக 36 அங்குலம் இருக்கும். ஆனால் உள் அறைக் கதவுகள் 28 முதல் 32 அங்குலம்தான், கதவின் தடிமனும் கீலும் அதிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் விழுங்கிவிடும். அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் திருப்பம் இருந்தால், அகலத்தைவிடத் திருப்பத்தின் மூலைவிட்ட அளவே முக்கியம். 25 அங்குலத் திரையுள்ள நின்று ஆடும் கேபினெட்டின் எடை ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை இருக்கும்; 50 அங்குலத் திரையுள்ள டீலக்ஸ் வகைகள் 300 கிலோவைத் தாண்டும். பெரிய கேபினெட்டுகள் பெரும்பாலும் திரைப்பகுதி, துப்பாக்கி மேடை, தலைப்பலகை என்று பிரியக்கூடியவை. எந்த இடத்தில் பிரிகிறது என்பதை அந்த விளையாட்டின் கையேட்டிலிருந்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கையேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

கேபினெட் நிற்கும் இடம் மட்டும் போதாது. கையில் பிடிக்கும் துப்பாக்கி விளையாட்டுக்கு ஆடுபவர் நிற்க முன்னால் நாலைந்து அடியாவது வேண்டும், பின்னால் காற்று போக ஒரு சாண் இடைவெளி வேண்டும், பழுதுபார்க்கப் பின்கதவைத் திறக்கும் வாய்ப்பும் வேண்டும். இயந்திரத்தை மூலையில் நிரந்தரமாக ஒட்டி நிறுத்திவிட்டால், முதல் பழுது வரும் நாளில் 200 கிலோவை இழுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். 2018-இல் வந்த ‘ஹேலோ: ஃபயர்டீம் ரேவன்’ போல 130 அங்குலத் திரையோடு நான்கு பேர் ஆடும் இயந்திரங்களும் உள்ளன, அவற்றை வீட்டில் வைக்க முடியுமா என்று கேட்பவர், வீட்டையே அதற்காகக் கட்ட வேண்டியிருக்கும்.

நான்காம் படி: எங்கே வாங்குவது

கூடங்களில் இயந்திரங்களை வைத்து நடத்தும் ஆபரேட்டர்களிடம் நேரடியாக வாங்கினால் விலை குறைவு, ஆனால் இயந்திரம் உழைத்துக் களைத்திருக்கும். ஏலத்தில் விலை இன்னும் குறையலாம்; அங்கே வாங்குபவர் கட்டணம் என்று ஏலத்தொகைக்கு மேல் ஒரு சதவீதம் சேரும், உத்தரவாதம் எதுவும் இருக்காது, பெரும்பாலும் குறிப்பிட்ட நாளுக்குள் எடுத்துச் சென்றுவிடவும் வேண்டும். பழுதுநீக்கி விற்கும் கடைகள் அதிக விலை சொல்லும்; அந்த அதிக விலைக்கு எழுத்தில் உத்தரவாதம் தருகிறார்களா என்பதே அவற்றை எடைபோடும் அளவுகோல். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆகியவற்றில் தனிநபர்கள் விற்பவை நல்லதும் கெட்டதும் கலந்தவை. ஒரு சேகரிப்பாளர் இடம் போதாமல் விற்கிறார் என்றால் அதுவே எல்லாவற்றிலும் சிறந்த வாய்ப்பு, ஏனெனில் அந்த இயந்திரத்தின் நோய்கள் அனைத்தும் அவருக்குத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வார்.

புதிய பெரிய இயந்திரத்தின் விலை 10,000 டாலரைத் தாண்டக்கூடும். பழையவை நிலைமைக்கும் பெயருக்கும் ஏற்பச் சில நூறிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை போகின்றன. எந்த விலைக்கு வாங்கினாலும், கையிலுள்ள தொகையில் நான்கில் ஒரு பங்கை முதலாண்டுப் பழுதுகளுக்கென ஒதுக்கிவிட்டு மீதியில் வாங்குவது நல்லது. ஆர்கேட்1அப் போன்ற நிறுவனங்கள் இதே விளையாட்டுகளில் சிலவற்றை வீட்டுக்கென்றே சிறிய கேபினெட்டில் தருகின்றன. எடை குறைவு, பழுது குறைவு, விலை குறைவு; பெரிய கேபினெட்டின் உடம்பும் துப்பாக்கியின் உதைப்பும் அவற்றில் கிடையா. இடமும் நேரமும் இல்லாதவர் அதை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஐந்தாம் படி: நேரில் சோதித்துப் பாருங்கள்

நிழற்படத்தைப் பார்த்தும் காணொளியைப் பார்த்தும் வாங்குவது இந்த ஒரு பொருளுக்குச் சற்றும் ஆகாது. நேரில் செல்லும்போது ஒரு கைவிளக்கு, மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், உங்கள் கைபேசி ஆகிய மூன்றையும் கொண்டு செல்லுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே இயந்திரத்தை இயக்கி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதுதான் படக்குழாயின் தளர்ச்சியும் பலகையின் தடுமாற்றமும் வெளிப்படும். பிறகு அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள், ஏனெனில் சூடேறிய பின் தலைகாட்டும் கோளாறுகள் தனி.

நாணயக் கதவைத் திறந்தால் உள்ளே சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தித் துப்பாக்கிச் சோதனைப் பக்கத்துக்குச் செல்லுங்கள். திரையின் நான்கு மூலைகளையும் நடுவையும் குறிபார்த்துச் சுடுங்கள். நடுவில் சரியாக விழுந்து மூலைகளில் மட்டும் தவறினால், அது பெரும்பாலும் சீரமைப்பில் தீர்ந்துவிடும். குறி நடுங்கிக்கொண்டே இருந்தாலோ, சில நேரம் மட்டும் காணாமல் போனாலோ, துப்பாக்கியை அதன் கேபிளோடு சேரும் இடத்தில் மெல்ல வளைத்தபடி சுட்டுப் பாருங்கள். எஃகுச் சுருள் உறைக்குள் இருக்கும் கம்பிகள் அந்த ஓர் இடத்தில்தான் ஆயிரக்கணக்கான முறை வளைந்து முறிகின்றன. வெளியே எதுவும் தெரியாது. பொருத்தப்பட்ட துப்பாக்கியாக இருந்தால், அதை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். திரையிலுள்ள குறி ஒரே இடத்தில் எப்போதும் துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டரின் அந்தப் பகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள். மலிவான பாகம்தான், விலையைக் குறைத்துக் கேட்க ஏற்ற காரணமும் கூட.

அகச்சிவப்பு வகையைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் கைபேசியின் முன்புறக் கேமராவை இயக்கி, திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் எதிரே பிடியுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத எல்இடிகள் கேமராவில் வெளிர் ஊதாப் புள்ளிகளாக ஒளிரும். சில கைபேசிகளின் பின்புறக் கேமராக்கள் இந்தக் கதிரை வடிகட்டிவிடுவதால் முன்புறக் கேமராவே நம்பகமானது. வரிசையில் ஒரு புள்ளி இருண்டிருந்தால் அந்தப் பக்கத்தில் குறி தவறுவதன் காரணம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. துப்பாக்கியே பழுது என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு விற்கப்படும் இயந்திரங்களில் இப்படி ஓர் எல்இடிப் பலகை மட்டும் போயிருப்பது உண்டு.

சுடும்போது உதைக்கும் துப்பாக்கிகளுக்குள் ஒரு சாலினாய்டு, அதாவது உதைப்பைத் தரும் மின்காந்தச் சுருள், இருக்கும். தொடர்ந்து முப்பது நாற்பது முறை சுட்டு, உதைப்பு தளர்கிறதா, பிடி சூடேறுகிறதா என்று பாருங்கள். உதைப்பு வேலை செய்யவில்லை, விளையாட்டு மட்டும் ஓடுகிறது என்றால் அதைச் சிறு குறை என்று விற்பவர் சொல்வார். ‘டைம் கிரைசிஸ்’ போன்றவற்றில் விளையாட்டின் பாதி இன்பமே அந்த உதைப்புதான்.

இறுதியாகக் கைவிளக்கோடு குனிந்து கேபினெட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான கேபினெட்டுகள் துகள்பலகையால் ஆனவை. வெள்ளத்திலோ ஈரத்திலோ நின்றிருந்தால் அடி ஊதிப் பிளந்திருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. பின்கதவைத் திறந்து எலிப்புழுக்கை, வெட்டி ஒட்டிய கம்பிகள், மின்செருகியின் உடைக்கப்பட்ட நிலமுனை (எர்த்) ஆகியவற்றைத் தேடுங்கள். சில பழைய பலகைகளில் உள்ள மின்கலம் கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். பச்சை நிறப் படிவு அதன் அடையாளம்.

ஆறாம் படி: கொண்டு வருவது

இது ஒருவர் செய்யும் வேலையல்ல. பின்புறம் ஏற்றுத்தட்டு உள்ள வாடகை லாரி, பெல்ட் கொண்ட தள்ளுவண்டி, கனத்த போர்வைகள், குறைந்தது மூன்று ஆட்கள் ஆகியவை தேவை. துப்பாக்கிகளை அவற்றின் உறையில் செருகிவிட்டால் போதும் என்று விட்டுவிடாமல், துணி சுற்றிக் கேபினெட்டோடு கட்டிவிடுங்கள். குலுக்கலில் விழுந்து கேபிளில் தொங்கும் துப்பாக்கி உள்ளே முறிந்துதான் வரும். படக்குழாய் உள்ள கேபினெட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே ஏற்றுங்கள், அதன் கழுத்துப் பகுதி மிக மெல்லிய கண்ணாடி. பின்புற ஒளிவீச்சு வகைகளில் உள்ளே கண்ணாடியும் குளிர்விக்கும் திரவமும் உண்டு. அவற்றையும் சாய்க்கக் கூடாது. சாவிகளை ஏற்றுவதற்கு முன்பே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டை உடைத்துத் திறப்பது பெரிய வேலையல்ல, தேவையற்ற வேலை.

ஏழாம் படி: முதல் முறை இயக்குவது

குளிர்காலத்தில் லாரியில் வந்த இயந்திரத்தை உடனே இயக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்திருக்கும், ஓர் இரவாவது அறை வெப்பத்தில் நிற்கட்டும். பின்கதவைத் திறந்து, பயணத்தில் கழன்ற இணைப்பான்கள் இருந்தால் அழுத்திச் செருகுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்டவை 120 வோல்ட்டில் ஓடுபவை. ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியானவை 100 வோல்ட்டுக்கு உரியவை, அவற்றுக்குத் தனி மின்மாற்றி வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தவை 230 வோல்ட். பின்புறத் தகட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகியைத் தொட வேண்டாம். நிலமுனை கொண்ட செருகியும், மின்பாய்ச்சல் தடுப்பானும் கட்டாயம்.

இயக்கியதும் முதலில் அளக்க வேண்டியது, பலகைக்கு வந்து சேரும் 5 வோல்ட். பவர் சப்ளையின் முனையில் அளக்காமல் பலகையின் முனையில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். வழியிலுள்ள பழைய இணைப்பான்கள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 4.8-க்குக் கீழே இறங்கினால் விளையாட்டு இடையிடையே நின்று மறுபடி தொடங்கும், பலரும் அதைப் பலகைப் பழுது என்று தவறாக நினைத்துப் பெருஞ்செலவு செய்கிறார்கள். பவர் சப்ளையில் உள்ள சிறு திருகைக் கொண்டு மெல்ல ஏற்றி 5.0 முதல் 5.1 வரை நிறுத்துங்கள்.

எச்சரிக்கை ஒன்று. 25 அங்குல வண்ணப் படக்குழாயின் மேல்முனையில் ஏறத்தாழ 25,000 வோல்ட் நிற்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பவர் சப்ளையையும் பலகையையும் துப்பாக்கியையும் நீங்களே கையாளலாம். படக்குழாயையும் அதை இயக்கும் அடிச்சட்டத்தையும் மட்டும், மின்னூட்டத்தை இறக்கும் முறை அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: குறியையும் அறையையும் சீரமைப்பது

இயந்திரம் வந்த இடத்தில் எவ்வளவு சரியாகச் சுட்டிருந்தாலும், உங்கள் வீட்டில் சீரமைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒளியுணர் வகையில் திரையின் பிரகாசம் குறைவாக இருந்தால் துப்பாக்கிக்குக் கண் தெரியாது. பழைய குழாய் மங்கியிருந்தால் பிரகாசத்தைச் சற்றே கூட்டிய பிறகு சீரமையுங்கள். துப்பாக்கிக் குழலின் முனையில் உள்ள லென்ஸை மென்மையான துணியால் துடைப்பது அதற்கும் முந்திய வேலை. கூடத்தில் ஆண்டுக்கணக்கில் கைபட்ட லென்ஸில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றே குறி தவறக் காரணமாக இருப்பதுண்டு. சீரமைக்கும்போது, வீட்டில் வழக்கமாக ஆடுபவர் எந்தத் தொலைவில், எந்த உயரத்தில் நிற்பாரோ அங்கிருந்தே சுடுங்கள்.

அகச்சிவப்பு வகைக்கு எதிரி சூரிய ஒளி. அதோடு, பழைய இழை விளக்குகளும் ஹாலோஜன் விளக்குகளும் ஏராளமாக அகச்சிவப்பை உமிழ்வதால், ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் அவை எரிந்து திரைக் கண்ணாடியில் பிரதிபலித்தால் குறி அலைபாயும். எல்இடி விளக்குகளுக்கு மாறுவதும், ஜன்னலுக்குக் கனத்த திரை போடுவதும் போதும். மாலையில் நன்றாக ஓடும் இயந்திரம் பகலில் மட்டும் தவறுகிறது என்றால் துப்பாக்கியைக் கழற்றுவதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள்.

காசு வாங்கும் முறையை இலவச முறைக்கு மாற்றுவது சோதனைப் பட்டியலில் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் சிலர் வேண்டுமென்றே காசு முறையை விட்டுவைத்து, நாணயக் கதவுக்கு அருகில் ஒரு கிண்ணத்தில் கால் டாலர்களை வைக்கிறார்கள். காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். எண்ணற்ற உயிர்களோடு ஆடும்போது தோன்றும் அலட்சியம் இதில் வருவதில்லை. ஒலியளவைக் குறைக்கும் குமிழ் நாணயக் கதவுக்குள் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் கேபினெட்டின் அடியில் கனத்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஒன்பதாம் படி: வைத்துப் பராமரிப்பது

வீட்டு உபயோகத்தில் அதிகம் பழுதாவது துப்பாக்கியின் விசைக்குப் பின்னால் உள்ள மைக்ரோசுவிட்ச். சில டாலர் பெறும் இந்தப் பாகத்தில் நாலைந்தை வாங்கி வைத்துவிடுங்கள். மாற்றும்போது துப்பாக்கியின் ஒரு பாதியை மேசையில் கிடத்தி, மறு பாதியைத் தூக்குவதற்கு முன் ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் ஒன்று தெறித்து ஓடிவிட்டால் அது எங்கே இருந்தது என்பது அந்தப் படத்தில்தான் தெரியும். துப்பாக்கிகளை ஒருபோதும் கேபிளில் தொங்கவிடக் கூடாது என்பதை விருந்தினருக்கும் சொல்லி வையுங்கள்.

1995-இல் வந்த அட்டாரி கேம்ஸின் ‘ஏரியா 51’ போல வன்தட்டிலிருந்து ஓடும் விளையாட்டுகளில், அந்தத் தட்டுக்கு ஏற்கெனவே முதுமை வந்துவிட்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நகலைக் காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையில் எடுத்துப் பொருத்திவிடுவது சேகரிப்பாளர்களிடையே வழக்கம். நின்றுபோன பிறகு நகலெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. கணினிப் பலகை உள்ளவற்றில் மின்விசிறிகளை ஆண்டுக்கொரு முறை தூசி தட்டி, கரகரவென்று ஒலிப்பதை உடனே மாற்றுங்கள்.

படக்குழாய்த் திரையில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும், ஆகவே ஆடாத நேரத்தில் அணைத்து வையுங்கள். மூலையில் நிறம் திட்டுத்திட்டாக மாறினால் அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தமாக இருக்கலாம். அதை நகர்த்திவிட்டு, திரையின் காந்தத்தை நீக்கும் சுருளைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும். குழாய் முற்றிலும் போய், அதே வகை எங்கும் கிடைக்காத நாள் வந்தால், ஒளியுணர் வகை வைத்திருப்பவருக்கும் ஒரு வழி உண்டு: கேமராவைக் கொண்டு திரையின் வெள்ளை விளிம்பைப் பார்த்துக் குறி அறியும் சின்டென், அகச்சிவப்பைப் பயன்படுத்தும் கன்4ஐஆர் போன்ற புதிய துப்பாக்கித் தொகுதிகளைக் கணினியோடும் எல்சிடி திரையோடும் அதே கேபினெட்டுக்குள் பொருத்திவிடலாம். அப்படிச் செய்பவர்கள் கழற்றிய பலகையையும் துப்பாக்கிகளையும் தூக்கி எறியாமல் பெட்டியில் போட்டு, மேலே விளையாட்டின் பெயரை எழுதி வைக்க வேண்டும். வேறொரு வீட்டில் அதே இயந்திரம் அந்த ஒரு பாகத்துக்காகக் காத்திருக்கக்கூடும், அதற்கு நல்ல விலையும் கிடைக்கும்.